ஏவுகணை வீடியோவைப் பார்க்கத் தெரிந்துகொள்வோம்

இரவுச் செய்தியில் வரும் அந்தக் கறுப்பு வெள்ளைக் காட்சி எல்லோருக்கும் பழகிப்போனது. நடுவில் குறுக்குக்கோடு, அதற்குள் ஒரு கட்டடம், இரண்டு மூன்று செக்கனில் வெள்ளைப் புகை, உடனே அடுத்த செய்தி. கொழும்பில் செய்தி மேசையிலிருந்து அதற்குத் தமிழில் குறிப்பு எழுதுகிறவருக்கும், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சாப்பிட்டபடி பார்க்கிறவருக்கும் கிடைப்பது படத்தோடு சேர்ந்து வந்த அறிக்கை மட்டும்தான். அந்த அறிக்கையை எழுதியது பெரும்பாலும் ஏவுகணையை ஏவிய தரப்பு. படத்தை எடுத்ததும் அதே தரப்பு. ஆயுதத்தை வழிநடத்திய கருவிகளிலிருந்து கழன்று வந்த ஒரு துண்டுதான் அந்த வீடியோ. எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தால், அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது விளங்கிவிடும்.

முதலில் பார்க்கவேண்டியது, வெடித்த பிறகும் படம் ஓடுகிறதா என்பது. லேசர் வழிகாட்டும் குண்டென்றால் கெமராவும் லேசரும் விமானத்தின் அடியில் மாட்டிய ஒரு கூட்டுக்குள் இருக்கும். விமானி, அல்லது பின்னால் இருக்கும் ஆயுத அதிகாரி, லேசர் புள்ளியை இலக்கில் பிடித்துவைத்திருப்பார். குண்டின் மூக்கிலுள்ள உணரி அந்தப் புள்ளியிலிருந்து தெறிக்கும் ஒளியைத் தேடிப் போகும். ஒவ்வொரு லேசருக்கும் தனித் துடிப்புக் குறியீடு உண்டு. பக்கத்தில் இன்னொரு விமானம் வேறு இலக்குக்கு லேசர் அடித்தாலும் குண்டு குழம்பாமல் இருப்பது அதனால்தான். இங்கே கெமரா மேலே பத்திரமாக இருப்பதால், வெடிப்பும் அதற்குப் பிந்திய புகையும் படத்தில் இருக்கும். கெமரா ஏவுகணையின் மூக்கிலேயே இருந்தால் கதை வேறு: இலக்கு திரையில் பெரிதாகிக்கொண்டே வந்து சட்டென்று படம் அறுந்துவிடும். ஜேடாம் போன்ற ஜி.பி.எஸ். குண்டுகளில் பொதுவாகக் கெமராவே இல்லை. அப்படியொரு குண்டு விழுவதைத் திரையில் பார்க்கிறோம் என்றால், வேறொரு விமானமோ ட்ரோனோ அங்கே முன்கூட்டியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது என்று பொருள். அது எவ்வளவு நேரம் நின்றது, அந்த நேரத்தில் யார் உள்ளே போனார்கள், யார் வெளியே வந்தார்கள் என்பதெல்லாம் பதிவில் இருக்கும். வெளியே விடப்படுவது கடைசிப் பத்துப் பன்னிரண்டு செக்கன்தான்.

லேசர் எப்போது தவறும்? இடையில் மேகம், புகை, தூசி வந்தால் புள்ளி அறுந்துவிடும்; குண்டு கடைசியாகப் போன திசையிலேயே போய் எங்காவது விழும். 1999இல் கொசோவோப் போரின்போது மேகமூட்டம் காரணமாக லேசர் தாக்குதல்கள் அடிக்கடி கைவிடப்பட்டன. செய்மதி வழிகாட்டும் ஜேடாம் அந்தப் போரில்தான் முதன்முதலாக உண்மைச் சண்டைக்கு வந்தது. ஜி.பி.எஸ்.ஸுக்கு மேகம் பொருட்டல்ல, ஆனால் ரேடியோ இடைஞ்சலுக்கு அது தோற்கும். உக்ரேனில் ஜி.பி.எஸ். எறிகணைகளின் துல்லியம் ரஷ்ய இடைஞ்சல் கருவிகளால் வெகுவாக விழுந்தது. இந்தத் தவறல்களும் கெமராவில் பதிவாகியே இருக்கும். செய்தியாளர் மாநாட்டுத் திரைக்கு அவை வருவதில்லை. 1991 வளைகுடாப் போரில் போட்ட குண்டுகளில் வழிகாட்டப்பட்டவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அந்தப் போரைத் தொலைக்காட்சியில் பார்த்த தலைமுறையைக் கேட்டால், விழுந்ததெல்லாம் ஜன்னலுக்குள் நுழைந்த குண்டுகள் என்றுதான் சொல்லும்.

அடுத்தது அளவு. இதைக் கணக்காகவே செய்து பார்க்கலாம். விமானக் கெமராவின் பார்வைக் கோணம் 1 பாகை, இலக்கு 10 கிலோமீற்றர் தூரத்தில் என்று வைத்துக்கொண்டால், திரையின் முழு அகலத்தில் தெரிவது சுமார் 175 மீற்றர். படத்தின் குறுக்கே 640 புள்ளிகள் என்றால் ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 27 சென்ரிமீற்றர். ஒரு மனிதரின் தோள் அகலம் இரண்டு புள்ளிகள். அகச்சிவப்புக் கெமராவில் உடற்சூட்டினால் அந்த இரண்டு புள்ளிகள் பளிச்சென்று தெரியலாம். ஆனால் அந்தப் படம் நாடாவில் பதிந்து, செய்மதியில் ஏறி, ஏஜென்சியில் சுருங்கி, வட்ஸ்அப்பில் இன்னொருமுறை சுருங்கி நம் கைக்கு வரும்போது இரண்டு புள்ளிகள் என்பது ஒன்றுமேயில்லை. "அங்கே ஆட்களே இருக்கவில்லை, வீடியோவைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னால், அந்த வீடியோவில் ஆட்கள் தெரியக்கூடிய அளவு புள்ளிகள் இருக்கின்றனவா என்று கேட்கவேண்டும். கூரைக்குக் கீழே இருப்பவர்கள் எந்தக் கெமராவிலும் தெரியமாட்டார்கள். 1991 பெப்ரவரி 13 அதிகாலை பக்தாதின் அமிரியா பதுங்கிடத்தின் மேல் விழுந்த இரண்டு லேசர் குண்டுகளும் குறி தவறவில்லை. உள்ளே உறங்கிக்கொண்டிருந்த பொதுமக்கள் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

துல்லியம் என்ற பேச்சில் அடிக்கடி தொலைந்துபோவது இதுதான். ஆயுதத்தின் துல்லியம் என்பது கொடுத்த புள்ளிக்கு எவ்வளவு அருகில் போய் விழுகிறது என்பது மட்டும். ஜேடாமுக்கு ஜி.பி.எஸ். கிடைக்கும்போது 13 மீற்றர், கிடைக்காதபோது 30 மீற்றர் என்பது வடிவமைப்புக் கணக்கு. ஏவியவற்றில் பாதி அந்த வட்டத்துக்குள் விழவேண்டும், மற்றப் பாதி வெளியே விழலாம். கொடுத்த புள்ளி சரியா என்பது அந்தக் கணக்கில் வராது. 1999 மே 7 இரவு பெல்கிரேடில் சீனத் தூதரகத்தின் மேல் ஐந்து ஜேடாம்கள் விழுந்து மூவர் கொல்லப்பட்டார்கள். ஆயுதங்கள் தமக்குச் சொன்ன இடத்துக்குத்தான் போயின. வேறொரு அரச நிறுவனத்தின் கட்டடம் என்று அந்த இடம் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது என்பதே அமெரிக்கா தந்த விளக்கம். ஆகவே "துல்லியத் தாக்குதல்" என்று அறிக்கை சொன்னால், செய்தியாளர் அடுத்துக் கேட்கவேண்டிய கேள்வி: அந்தப் புள்ளியைத் தெரிவுசெய்தது யார், எந்தத் தகவலை வைத்து?

அதே ஆண்டு ஏப்ரல் 12இல் சேர்பியாவின் கிர்டெலிட்சாவில் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலை நேட்டோ விமானம் ஏவிய மூக்குக் கெமரா ஏவுகணைகள் தாக்கின. நேட்டோ தளபதி வெஸ்லி கிளார்க் அந்த வீடியோவைச் செய்தியாளர்களுக்குப் போட்டுக் காட்டினார். பாலத்தைக் குறிவைத்தபோது ரயில் கண்ணிமைக்கும் நேரத்தில் குறுக்கே வந்துவிட்டது என்பதே விளக்கம். காட்டிய வீடியோ உண்மை வேகத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கில் ஓடியது என்பது 2000 ஜனவரியில் ஒரு ஜேர்மன் பத்திரிகை மூலம் வெளியே வந்தது. கணினியில் மாற்றும்போது நேர்ந்த தவறு என்றது நேட்டோ. மாதக்கணக்கில் உலகத் தொலைக்காட்சிகள் அதை அப்படியே ஓடவிட்டிருந்தன. சரிபார்ப்பது கஷ்டமல்ல. படத்தின் ஓரத்தில் நேரம் ஓடினால், நம் எடிட் மென்பொருளின் நேரத்தோடு ஒப்பிட்டால் போதும்: அங்கே 9 செக்கன், இங்கே 3 என்றால் விடை கிடைத்துவிட்டது. நேரம் அழிக்கப்பட்டிருந்தால், வேகம் நமக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றைத் தேடவேண்டும்: நடந்துபோகும் ஆள், வாகனம், எழும்பும் புகை. நேரம் ஏன் அழிக்கப்பட்டது என்பதும் கேட்கத் தக்கதே.

தரையிலிருந்து எடுத்த படங்களுக்கு வருவோம். வானில் இரண்டு ஒளிக்கோடுகள் நெருங்குகின்றன, ஒரு பெரிய தீப்பந்து, பார்க்கிறவர்கள் கைதட்டுகிறார்கள். 1991இல் சவூதியிலும் இஸ்ரேலிலும் அமெரிக்காவின் பேட்ரியொட் மறிப்பு ஏவுகணைகள் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணைகளை எதிர்கொண்டபோது உலகம் கண்ட காட்சி இது. எதிர்கொண்ட 42 ஸ்கட்களில் 41ஐ மறித்துவிட்டோம் என்று அமெரிக்க ஜனாதிபதி புஷ் அந்தப் பெப்ரவரியில் அறிவித்தார். பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியடோர் போஸ்டல் தன் சகாவோடு சேர்ந்து தொலைக்காட்சி நிறுவனங்களின் நாடாக்களை பிரேம் பிரேமாகப் பார்த்து, அந்தத் தீப்பந்துகளில் மிகப்பெரும்பாலானவை பேட்ரியொட்டின் சொந்த வெடிமருந்து வெடித்த ஒளி என்றார். அன்றைய பேட்ரியொட் எதிரியை முட்டித் தகர்க்கும் ஏவுகணையல்ல. அருகில் போனதும் வெடித்துத் துண்டுகளை வீசும். அது விமானங்களுக்காக அளவெடுத்த முறை. பல மடங்கு வேகமான ஸ்கட்டின் முன்பக்கம் அதற்குள் கடந்துவிட, துண்டுகள் வால்பக்கத்தில் பட்டு வெடிமுனை அப்படியே கீழே வரலாம். அதோடு ஈராக் தூரத்துக்காக நீட்டித்த ஸ்கட்கள் காற்று மண்டலத்துக்குள் வரும்போது தாமாகவே உடைந்தன. உடைந்த துண்டுகள் எல்லாம் ராடரில் இலக்குகள்தான். படத்தை வைத்து முடிவு சொல்லமுடியாது என்று எதிர்வாதம் செய்தவர்களிடமும் நியாயம் இருந்தது. இரண்டும் நெருங்கும் வேகம் செக்கனுக்கு 3 கிலோமீற்றர் என்றால், செக்கனுக்கு 30 பிரேம் எடுக்கும் கெமராவில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 100 மீற்றர் ஓடிவிடும். தொட்டதா தொடவில்லையா என்பதைப் படம் சொல்லாது. ஆனால் தீப்பந்துக்குப் பிறகும் ஸ்கட் இறங்கிப் போய்த் தரையில் வெடிப்பதைப் படம் சொல்லும். 1992இல் அமெரிக்கக் காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம், வெடிமுனை அழிந்ததற்கு வலுவான சான்று மோதல்களில் சுமார் 9 வீதத்துக்கே இருக்கிறது என்றது.

சவூதியின் தஹ்ரானில் நடந்தது இன்னும் வேதனையானது. 1991 பெப்ரவரி 25 இரவு ஒரு ஸ்கட் அமெரிக்கப் படையினரின் தங்குமிடத்தில் விழுந்து 28 பேர் இறந்தார்கள். அங்கிருந்த பேட்ரியொட் ஏவப்படவேயில்லை. காரணம் கடிகாரம். கணினி நேரத்தைப் பத்திலொரு செக்கன்களாக எண்ணியது. பத்திலொன்று என்ற எண்ணை இரும எண்ணில் முழுமையாக எழுதமுடியாது; 24 பிற்றுகளில் (இரும இலக்கங்களில்) வெட்டினால் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் மிகச்சிறு பிழை. 100 மணித்தியாலம் அணைக்காமல் ஓடியதில் அந்தப் பிழை சேர்ந்து 0.34 செக்கன் ஆனது. அதற்குள் ஸ்கட் ஓடும் தூரத்தைக் கணக்கிட்டால், ராடர் பார்க்கவேண்டிய இடம் 687 மீற்றர் தள்ளிப்போயிருந்தது. திருத்திய மென்பொருள் அடுத்த நாள் வந்து சேர்ந்தது. அணைத்துப் போட்டிருந்தாலே கடிகாரம் சரியாகியிருக்கும். இப்படிப்பட்ட காரணம் எந்த வீடியோவிலும் தெரியாது. அதனால்தான் அன்றிரவுச் செய்தியோடு நின்றுவிடாமல், ஆண்டுகள் கழித்து வரும் விசாரணை அறிக்கைகளையும் செய்தியாக்கவேண்டும்.

வீதக் கணக்குக்கும் இதே கவனம் தேவை. 2024 ஏப்ரலில் ஈரான் இஸ்ரேல்மீது சுமார் 170 ட்ரோன்கள், 30க்கு மேற்பட்ட குரூஸ் ஏவுகணைகள், 120க்கு மேற்பட்ட பலிஸ்டிக் ஏவுகணைகளை ஏவியது. 99 வீதம் மறித்தோம் என்றது இஸ்ரேல். மணிக்கு 180 கிலோமீற்றரில் வரும் ட்ரோனுக்கு அந்தத் தூரத்தைக் கடக்க மணித்தியாலக் கணக்கு வேண்டும். பலிஸ்டிக் ஏவுகணைக்குப் பன்னிரண்டு நிமிடமளவு போதும். இரண்டையும் ஒரே எண்ணிக்கையில் கூட்டினால் வீதம் உயரும். உதாரணத்துக்கு, 120 பலிஸ்டிக்கில் 10 தப்பி வந்தால் அது 8 வீதம். மொத்தம் 320இல் அதே 10, 3 வீதம். எதை எதால் வகுத்தார்கள் என்று எழுதாத வீதத்தைத் திரையின் அடிப்பட்டியில் ஓடவிடக்கூடாது. அதே ஆண்டு ஒக்டோபர் 1 தாக்குதலுக்குப் பிறகு வணிகச் செய்மதிப் படங்கள் நெவாட்டிம் விமானத்தளத்துக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட தாக்க அடையாளங்களைக் காட்டின.

ஒலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் ஒரு செய்தி மேசைக்கு இதைவிட மலிவான கருவி கிடையாது. நம் ஊர்ச் சூட்டில், 30 பாகையில், ஒலி செக்கனுக்குச் சுமார் 350 மீற்றர் போகும். ஒளி தெரிந்ததிலிருந்து சத்தம் கேட்கும்வரை எண்ணி 350ஆல் பெருக்கினால் தூரம். 2008 ஒக்டோபர் 28 இரவு களனிதிஸ்ஸ அனல் மின்நிலையத்தில் புலிகளின் விமானம் குண்டு போட்டது. காலிமுகத்திடலிலிருந்து அந்த இடம் நேர்க்கோட்டில் கிட்டத்தட்ட 5 கிலோமீற்றர். திடலிலிருந்து அப்படியொரு வெடிப்பைப் படமெடுத்தால் ஒளிக்கும் ஒலிக்கும் இடையில் 14 செக்கன் இருக்கவேண்டும். தூரத்து நகரத்தில் தீப்பந்தும் இடியும் ஒரே நேரத்தில் வந்தால், சத்தம் பிறகு ஒட்டப்பட்டது. விமானக் கெமராவிலும் ட்ரோன் கண்காணிப்புக் கெமராவிலும் ஒலிவாங்கி இருப்பதில்லை. அந்தப் படத்தில் வெடிச்சத்தம் கேட்டால் அதுவும் ஒட்டியதே. 2023 ஒக்டோபர் 13இல் தெற்கு லெபனானில் ரொய்ட்டர்ஸ் வீடியோச் செய்தியாளர் இஸ்ஸாம் அப்துல்லா கொல்லப்பட்டதை விசாரித்தபோது, இரண்டு தாங்கி எறிகணைகள் 37 செக்கன் இடைவெளியில், 1.34 கிலோமீற்றர் தூரத்திலிருந்து வந்தன என்று நிறுவ உதவியது அங்கிருந்த கெமராக்களின் ஒலிப்பதிவு.

ஒரு கெமரா திசையைத்தான் தரும், தூரத்தைத் தராது. காஸாவின் அல்-அஹ்லி மருத்துவமனையில் 2023 ஒக்டோபர் 17இல் வெடிப்பு நடந்தபோது, நேரலையில் வானில் வெடித்த ஒரு பொருள்தான் அங்கே விழுந்தது என்று பல இடங்களில் சொல்லப்பட்டது. பல கெமராக்களின் திசைக்கோடுகளை வரைபடத்தில் வெட்டிப் பார்த்த நியூயோர்க் டைம்ஸ், அது பல கிலோமீற்றர் அப்பால் வெடித்த, மருத்துவமனையோடு தொடர்பில்லாத ஏவுகணை என்று கண்டது. யார் அடித்தது என்ற கேள்விக்கு அது விடையாகவில்லை. ஒரு தவறான சான்றை நீக்கியது. அதுவும் வேலைதான்.

இதுவரை சொன்னது ஆயுதத்திலிருந்து திரைக்கு வருவது. திரையிலிருந்து ஆயுதத்துக்குப் போவதும் உண்டு, அது உயிரைக் குடிக்கும். 1944இல் ஜேர்மனியின் வி-1 ஏவுகணைகள் லண்டனில் எங்கே விழுகின்றன என்று ஜேர்மானியருக்குத் தெரியாமலிருக்க பிரித்தானியா பத்திரிகைச் செய்திகளை மட்டுப்படுத்தியது. இரட்டை உளவாளிகள் மூலம் தவறான இடங்களையும் சொல்லி அனுப்பியது. ஏவுகிறவருக்கு மிகவும் தேவையானது முதல் ஏவுகணை எங்கே விழுந்தது என்ற தகவல். அது தெரிந்தால் இரண்டாவதைத் திருத்தலாம். உக்ரேனில் இதனால்தான் தாக்கப்பட்ட குடிசார் இடங்களின் படங்களுக்கு 3 மணித்தியாலமும் இராணுவ இடங்களுக்கு 12 மணித்தியாலமும் காத்திருக்கும்படி செய்தியாளர்களிடம் சொல்லப்பட்டது. 2023 மேயில் கியேவில் பேட்ரியொட்கள் சரமாரியாகக் கிளம்புவதைத் தெருவோரக் கெமராக்கள் இணையத்தில் நேரலையாகக் காட்டிவிட, பாதுகாப்புத்துறை அந்தக் கெமராக்களை முடக்கியது. 2008 நவம்பரில் மும்பையில் ஹோட்டல்களுக்குள் இருந்தவர்களை வெளியிலிருந்து தொலைபேசியில் இயக்கியவர்கள், இந்தியத் தொலைக்காட்சி நேரலையைப் பார்த்தபடியேதான் இயக்கினார்கள்.

வன்னியில் 2001இல் ஒரு கண்ணை இழந்த செய்தியாளர் மேரி கொல்வினைக் கொழும்பில் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். 2012 பெப்ரவரி 21 இரவு சிரியாவின் ஹோம்ஸிலிருந்து செய்மதி வழியாக உலகத் தொலைக்காட்சிகளுடன் பேசினார். மறுநாள் காலை அவர் இருந்த வீட்டின் மேல் எறிகணைகள் விழுந்து அவர் கொல்லப்பட்டார். 2019இல் அமெரிக்க நீதிமன்றம் சிரிய அரசே அதற்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. செய்மதித் தொலைபேசி பேசும்போது ஒலிபரப்புகிறது. ஒலிபரப்பும் எதையும் திசை கண்டுபிடிக்கலாம். சுருக்கமாகப் பேசுவது, தங்கும் இடத்தில் பேசாமல் விலகிப் போய்ப் பேசுவது, முடிந்ததும் பற்றரியைக் கழற்றுவது, ஜன்னலுக்கு வெளியே அடையாளம் தெரியும் கோபுரமோ தண்ணீர்த் தாங்கியோ நேரலையில் விழாமல் பார்ப்பது: ஸ்டூடியோவில் இருப்பவர் "இன்னும் ஒரு கேள்வி" என்று இழுப்பதற்கு முன் இதை நினைக்கவேண்டும்.

ஒலிபரப்பு நிலையங்களும் இலக்காகின. 1999 ஏப்ரல் 23இல் நேட்டோ குண்டு சேர்பிய அரச தொலைக்காட்சிக் கட்டடத்தில் 16 ஊழியர்களைக் கொன்றது. 2007 நவம்பர் 27இல் கிளிநொச்சியில் புலிகளின் குரல் வானொலிமீது இலங்கை விமானப்படை குண்டு போட்டது, ஊழியர்களும் இறந்தார்கள். இரண்டிலும் பிரசார நிலையம் என்பதே நியாயமாகச் சொல்லப்பட்டது. ஒலிவாங்கிக்கு முன்னால் இருப்பவர் பேசும் பேச்சுப் பிடிக்கவில்லை என்பது அவரைக் கொல்ல நியாயம் ஆகாது, எந்தத் தரப்பு ஏவினாலும்.

வன்னியின் கடைசி மாதங்களில் சுயாதீனச் செய்தியாளர்கள் உள்ளே விடப்படவில்லை. 2009 ஏப்ரல் 20இல் புதுமாத்தளனில் மண் அணையைத் தாண்டி ஆயிரக்கணக்கானோர் வெளியேறும் காட்சி உலகத்துக்குக் கிடைத்தது இராணுவத்தின் ஆளில்லா விமானத்திலிருந்துதான். கீழே இருந்தவர்கள் அந்த விமானத்தை வண்டு என்றார்கள். அதன் இரைச்சலை வைத்தே பங்கருக்குள் ஓடுவதா வெளியே வருவதா என்று முடிவெடுத்தார்கள். வண்டு எடுத்த படத்தில் அந்த இரைச்சல் இல்லை, முகங்கள் இல்லை, பெயர்கள் இல்லை. உலகின் எந்த மூலையிலிருந்தும் அப்படியொரு மேற்பார்வைப் படம் கொழும்புக்கு வரும்போது, கீழிருந்து பேசக்கூடிய ஒரு குரலாவது கிடைக்கும்வரை அந்தச் செய்தி பாதிதான்.

இன்றைய சிறு ட்ரோன் படங்களுக்கு ஓர் அடையாளம்: ரேடியோவில் ஓடும் ட்ரோன் தரையை நெருங்கும்போது சமிக்ஞை மறைந்து படத்தில் கோடும் புள்ளியும் விழும், கண்ணாடி இழை நூலை அவிழ்த்துக்கொண்டு பறக்கும் ட்ரோனில் கடைசி நொடிவரை படம் தெளிவாக இருக்கும். போலிகளைப் பொறுத்தவரை, ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டின் துண்டுகள் உண்மைப் போராகத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகி, 2022இல் அதைத் தயாரித்த நிறுவனமே கண்டுபிடிக்கும் குறிப்புகளை வெளியிட்டது. 2025 மேயில் இந்திய அலைவரிசைகள் சில கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று இரவு முழுக்கச் சொன்னதையும் இங்கே நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். துறைமுகம் அப்படியே இருந்தது.

கடைசியாக, வந்த கோப்பை வந்தபடியே வைத்திருங்கள். இலங்கை ஒளிபரப்பு செக்கனுக்கு 25 பிரேம். அமெரிக்கப் படங்கள் 30. மாற்றும்போது மென்பொருள் சில பிரேம்களை விழுங்கும், சிலவற்றை ஒன்றோடொன்று கலக்கும். அந்தப் பிரதியில் நேரமும் வேகமும் அளப்பது வீண். ஒளிபரப்புக்கு ஒரு பிரதி, அசல் தனியாக, எந்த நேரம் எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு. பேட்ரியொட் விவாதத்தை நடத்த முடிந்தது, யாரோ சில தொலைக்காட்சி நிலையங்கள் 1991இன் நாடாக்களை அழிக்காமல் வைத்திருந்ததால்.